கஸ்தூரி காட்டிய கடற்கரை

ஓய்வு பெற்ற மறுநாள் விடியற்காலையில் நான் ஒரு முடிவு எடுத்தேன். இனி இந்த வீட்டில் என் பேச்சுதான். அப்போது என் மனைவி கஸ்தூரி தூங்கிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பு எதுவும் இல்லை.

எனக்கு வேலை சிங்கப்பூரில், ஒரு தொழிற்சாலையில். ஜொகூர் பாருவின் தம்போயிலிருந்து இருட்டில் கிளம்பி, பாலத்தைக் கடந்து, இருட்டில் திரும்பி வருவேன். இப்போது வேலை நின்றுவிட்டது. விழிப்பு நிற்கவில்லை. சேவலுக்கு முன்னால் எழுந்து கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். கஸ்தூரியின் பருப்பு டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கிவைத்தேன். ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டினேன். அதற்குப் பிறகு அது ஒழுகியது.

ஒரு நாள் அவள் தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.

“என்னங்க, முறுக்கு, இட்லிப் பொடி செஞ்சு விக்கலாம்னு பாக்கறேன்.”

“வீட்லயா?”

“பின்ன, சினாய் ஏர்போர்ட்லயா?”

“வேணாம். இத்தனை வருஷம் கஸ்டம்ஸ்ல கியூவுல நின்னுட்டேன். என் வீட்டு கேட்டு முன்னாலயும் கியூ நின்னா என்னால பாக்க முடியாது. முறுக்கு வேணும்னு ஒருத்தரும் இந்தக் கேட்டுகிட்ட வரக்கூடாது. சொல்லிட்டேன்.”

“சரிங்க.”

அவ்வளவுதான். சண்டை இல்லை, முணுமுணுப்பு இல்லை, தட்டு வைக்கும் சத்தம்கூடக் கூடவில்லை. முதல் வெற்றி. அன்று மத்தியானம் மட்டும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சாயங்காலம் மறுபடி நடக்க ஆரம்பித்தேன்.

“வீட்டுக்குள்ளேயே இப்படி நடந்தா சிமெண்டு தேஞ்சிடும். கடலோரமாப் போய் ஓடுங்களேன்” என்றாள்.

நானே அதைத்தான் சொல்ல இருந்தேன். அவள் முந்திக்கொண்டாள். மற்றபடி யோசனை என்னுடையது.

“டங்கா பேயில ஆரம்பிங்க. தண்ணி ஓரமாவே லிடோ வரைக்கும் போங்க. காத்து நல்லா வருமாம்.”

“நீ எப்பப் போன?”

“யூடியூப்ல பாத்தேன்.”

காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கித் தந்தாள். முதுகில் மாட்டும் சின்னப் பை ஒன்றும் வந்தது. மறுநாள் நான் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளியபோது பக்கத்து வீட்டு மனோகரன் இடுப்பில் சாரோங்கோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரும் ஓய்வு பெற்றவர். அவருடைய தொப்பை ஓய்வு பெறவில்லை.

“என்ன சேகர் அண்ணே, யாரு தொரத்துறா?”

“உடம்புக்கு, மனோ. டங்கா பேயில ஓடப் போறேன்.”

“இங்கேருந்து மோட்டார்ல போறீங்க. அங்க எறங்கி ஓடுறீங்க. திரும்பவும் மோட்டார்ல வர்றீங்க. பேசாம மோட்டாரையே ஓட விடுங்க லா. அதுக்காவது எண்ணெய் ஊத்தினாப் போதும்.”

மோட்டாரைக் கிளப்பினேன். “ஓடுறவன் நின்னு பேசக்கூடாது” என்றேன்.

கடல் அழகாக இருந்தது. எதிர்க்கரையில் சிங்கப்பூர் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. இத்தனை வருஷமும் இந்தத் தண்ணீரை பஸ் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருந்தேன், அதுவும் அரைத் தூக்கத்தில். இப்போது எந்த அவசரமும் இல்லை. ஆனாலும் நிற்க முடியவில்லை. நின்றால் அந்தக் கரை தெரிந்தது. அங்கே யாரோ ஒருவன் என் மெஷின் முன்னால் நிற்பான். அவன் அதைச் சரியாகத் துடைப்பானா என்று ஒரு கவலை வரும். உடனே கால் ஓட ஆரம்பித்துவிடும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பையை முதுகில் மாட்டிவிட்டபடி கஸ்தூரி சொன்னாள்.

“வழியிலதான் பிரேமளா அக்கா கொண்டோ இருக்கு. இந்தப் பொட்டலத்தை அவங்ககிட்டக் குடுத்துடுங்க. பாவம், ஒத்தையா இருக்காங்க.”

பிரேமளா அக்கா யாழ்ப்பாணத்து வழி வந்தவர். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்தவர். கொண்டோ அடுக்குமாடியின் வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

“வாங்கோ தம்பி. சொன்ன நேரத்துக்கு வந்திட்டீங்கள். கொஞ்சம் நில்லுங்கோ, ஒரு படம் எடுக்கிறன்.”

ஓடுகிற மனிதனைப் பார்த்தால் யாருக்கும் படம் எடுக்கத் தோன்றும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கட்டை விரலை உயர்த்தினேன்.

“அந்தப் பொட்டலத்தையும் தெரியிற மாதிரிப் பிடியுங்கோ.”

பிடித்தேன்.

அதற்குப் பிறகு வழிகள் கூடின. ஒரு நாள் ஸ்துலாங் லாவுட், ஒரு நாள் பெர்மாஸ். எங்கே சூரியன் நேராகக் கண்ணில் படும், எங்கே நாய் தொல்லை இல்லை, எங்கே நடைபாதை உடையாமல் இருக்கிறது என்று எல்லாவற்றையும் கஸ்தூரி அறிந்து வைத்திருந்தாள். அந்த வழிகளில் அவளுக்கு வேண்டியவர்களும் இருந்தார்கள். எல்லாரும் பாவம். எல்லாரும் ஒத்தை. ஜொகூர் பாருவில் கடல் தெரிகிற வீடுகளில் இத்தனை பேர் தனிமையில் வாடுகிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஸ்துலாங்கில் ஒத்தையாக இருந்த ஒரு வீட்டில் பத்துப் பேர் வந்து கதவைத் திறந்தார்கள்.

“கஸ்தூரி, அந்த வீட்ல ஒரு கல்யாணத்துக்கு ஆள் இருக்கு.”

“மனசால ஒத்தைங்க.”

“அதுக்காக ஊருக்கே சும்மா முறுக்கு குடுப்பியா? நம்ம கதி என்ன ஆகும்?”

“புண்ணியம்ங்க. தேடி வரும்.”

இளகிய மனசு அவளுக்கு. வியாபாரம் வேண்டாம் என்றேன், தானத்தில் இறங்கிவிட்டாள். நல்லவேளை, நான் தடுத்தேன் என்று மனோகரனிடம்கூடச் சொன்னேன். அவர் செடியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார்.

தீபாவளி நெருங்கியது. பை கனத்தது. ஒரு காலையில், “இன்னைக்குப் பெர்மாஸ்” என்றாள். என் கால் அவள் சொல்கிற கடலுக்கே போய்க்கொண்டிருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முடிவெடுத்தவன் நான். வழி மட்டும் அவளுடையதா? எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் மோட்டாரை எதிர்ப்பக்கம் திருப்பினேன். புத்ரி ஹார்பர் போனேன்.

வெள்ளைப் படகுகள் வரிசையாக நின்றன. ஆள் இல்லை. பத்தடி ஓடினேன், உட்கார்ந்தேன். யாரும் காத்திருக்காத இடத்தில் ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பையைத் திறந்தேன். தானம் பண்ணுகிறவனுக்கும் பசிக்கும். ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன்.

கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

“அங்கிள், நான் லோஷினி. பெர்மாஸ். எங்க இருக்கீங்க?”

“கடலோரம்மா.”

“எந்தக் கடலோரம்? நான் வேலைக்குக் கெளம்பணும் அங்கிள். பேமெண்ட் நேத்தே போட்டாச்சு.”

“எதுக்கும்மா பேமெண்ட்?”

“முறுக்குக்கு.”

என் வாயில் இருந்தது.

“அலமாக்! நீங்க டெலிவரி அங்கிள்தானே? வாட்ஸ்அப் குரூப்ல உங்க படம் இருக்கே.”

அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். நான்தான். வயிறு உள்ளே, கட்டை விரல் மேலே. கீழே எழுதியிருந்தது: ‘கஸ்தூரி கைமணம். கடலோர வீடுகளுக்குச் சுடச்சுட ஓடி வரும்.’

வீட்டுக்கு வந்தபோது அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். படத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

“இது என்ன?”

“நல்லாத்தான் விழுந்திருக்கீங்க.”

“வியாபாரம் வேணாம்னு சொன்னேனா இல்லையா?”

“கேட்டுகிட்ட யாரும் வரக்கூடாதுன்னு சொன்னீங்க. யாராவது வந்தாங்களா?”

வெளியே பார்த்தேன். கேட்டில் ஒரு காக்கை மட்டும் உட்கார்ந்திருந்தது.

“என்னை ஏமாத்திட்ட.”

“ஏமாத்தலீங்க. மொத வாரமே சொல்லலாம்னு வந்தேன். லிடோ காத்து, பிரேமளா அக்கா எடுத்த படம்னு சிரிச்சுக்கிட்டே பேசினீங்க. வேலை விட்டதுக்கப்புறம் நீங்க சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

ஆனாலும் கோபத்தைக் கைவிட மனசில்லை.

“நாளையிலேருந்து நான் ஓட மாட்டேன்.”

“சரிங்க.”

மறுநாள் வழக்கம்போல் இருட்டில் விழிப்பு வந்தது. படுத்தே கிடப்பது என்று உறுதியாக இருந்தேன். கால் மட்டும் போர்வைக்குள் ஓடியது. எழுந்து கூடத்தில் நடந்தேன். பருப்பு டப்பாக்களை அடுக்கலாம் என்று அடுப்படிக்குப் போனால் அலமாரியில் பூட்டு தொங்கியது. அந்த நேரத்துக்கு லிடோவில் வானம் வெளுத்திருக்கும். பிரேமளா அக்கா வாசலுக்கு வந்திருப்பார். “தம்பி எங்கே?” என்று கேட்பார். யாராவது கேட்பார்கள் அல்லவா? சப்பாத்தை மாட்டிக்கொண்டேன். தோற்றுப்போனதாக அர்த்தமில்லை, சும்மா காற்று வாங்கப் போகிறேன்.

கேட்டைத் திறந்தால் எதிரே மனோகரன். சாரோங் இல்லை, அரைக்கால் சட்டை. முதுகில் என் பை.

“மனோ, இது என்ன கோலம்?”

“உடம்புக்கு, சேகர் அண்ணே.”

“எங்க போறீங்க?”

“இன்னைக்கு லிடோ. பிரேமளா டீச்சர் படம் எடுப்பாங்கன்னு அண்ணி சொன்னாங்க” என்று தலையை வாரிக்கொண்டார். “ஓடுறவன் நின்னு பேசக்கூடாது லா. வரட்டா?”

மோட்டார் சத்தம் தேயும்வரை நின்றேன். பிறகு அடுப்படிக்குப் போனேன். கஸ்தூரி முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அந்த ஆளுக்கு ஸ்துலாங்ல எங்க திரும்பணும்னு தெரியுமா?” என்றேன்.

“சொல்லிக் குடுத்துட்டேன்.”

“மழை வந்தா எங்க ஒதுங்கணும்னு தெரியுமா?”

“அதையும் சொல்லிட்டேன்.”

எண்ணெய் சலசலத்தது.

“கஸ்தூரி, நானே போறேன்.”

“கடல் பக்கத்துக்கெல்லாம் ஆள் எடுத்தாச்சுங்க. கூலாய் மட்டும்தான் காலி.”

“கூலாய்ல கடலே இல்லையே!”

“செம்பனைத் தோட்டம் இருக்குல்ல. கண்ணுக்குக் குளிர்ச்சி.”

“நான் உன் புருஷன்.”

“அதனாலதான் கூலாய். வேற ஆளா இருந்தா இன்னும் தூரமா லாபிஸ் குடுத்திருப்பேன்.”

“சரி, இன்னைக்கே கெளம்பறேன். பையைக் குடு.”

அவள் முறுக்கு அச்சைக் கீழே வைத்துவிட்டு, என்னைத் தலையிலிருந்து சப்பாத்துவரை ஒருமுறை பார்த்தாள்.

“நேத்து ஒரு பொட்டலம் பிரிஞ்சிருந்துச்சு. பையைத் தொறக்காம ஒரு வாரம் ஓடிக் காட்டுங்க. அப்புறம் பாக்கலாம்.”