கசற்றின் ஒன்பதாவது பாட்டு

இத்தாலியின் பலெர்மோவில் தொண்ணூறுகளில் வாழ்ந்த தமிழர்களுக்கு என்னென்ன தேவை என்று யாராவது கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் சொல்லியிருப்போம்: பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, ஒரு வேலை, குளிருக்கு ஹீற்றர், நல்ல மிளகாய்த்தூள். கன்ட்ரி இசை விமர்சகர் ஒருவர் வேண்டும் என்று ஒரு குஞ்சு குருமானும் கேட்டிருக்காது. இருந்தும் எங்களுக்கு ஒருவர் வாய்த்திருந்தார். அந்தப் பாவி நான்தான்.

கன்ட்ரி இசை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்க நாட்டுப்புறத்தில் தொப்பி போட்ட ஆண்கள், விட்டுப்போன மனைவியையும் போய்விட்ட ரயிலையும் செத்துப்போன நாயையும் நினைத்துக் கிற்றாரோடு மூக்கால் அழுவது. ஊரில் இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆங்கிலம் அரைகுறையாக விளங்கியதால் சோகம் முழுதாக விளங்கியது.

நான் பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்தேன். அவருடைய காலஞ்சென்ற கணவர் கப்பல்காரர். சுவர் நிறைய கன்ட்ரி இசைத்தட்டுகளை விட்டுப் போயிருந்தார். தூசு தட்டுவது என் வேலை. தட்டினேன், இஸ்திரிப்பெட்டியால் துணி மினுக்கிக்கொண்டே கேட்டேன், கெட்டேன். எங்கள் ஆட்கள் போட்டோக்கொப்பி எடுத்து வெளியிட்ட மாத இதழின் கடைசிப் பக்கத்தில் இசைத்தட்டு விமர்சனம் எழுதத் தொடங்கினேன். அமெரிக்காவில் டெனசியில் வாழ்ந்த ஒரு பெரிய பாடகரின் இசை வாழ்க்கை முடிந்துவிட்டது என்று பலெர்மோவிலிருந்து தீர்ப்பளித்தேன். அவர் அதற்குப் பிறகும் பாடிக்கொண்டுதான் இருந்தார். எங்கள் இதழ் அவருக்குக் கிடைக்கவில்லைபோலும்.

ஒரு இசைத்தட்டை 'நன்றாக இருக்கிறது' என்று நான் எழுதியதே கிடையாது. 'இருப்பின் அவலத்தைப் பிரதி தன்னுள் மறைத்துவைத்திருக்கிறது' என்று எழுதுவேன். (அதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது அன்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திருக்காது.)

இந்த நிலையில்தான் கௌபோய் அந்தோனி அண்ணை ஒரு கசற் வெளியிட முடிவெடுத்தார்.

அந்தோனி அண்ணை மன்னார்க்காரர். பகலில் மாடிக் கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுவார். வெறும் படிக்கட்டில் பாடினால் குரல் நாலு மடங்காகத் திரும்பி வரும்; அந்த எதிரொலிதான் மனுசனைக் கெடுத்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு, போர்கோ வெக்கியோச் சந்தைக்கு மேலே இருந்த தன் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கிற்றாரோடு உட்கார்ந்துவிடுவார். வந்தவர்கள் எல்லோரும் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்து எழும்பிப் போவார்கள். நான் மட்டும் இருப்பேன். ஒரு வருசமாக இருந்தேன்.

இசை ஆர்வமா? மண்ணாங்கட்டி. அண்ணையின் மகள் ரெஜினா.

ரெஜினாவுக்கும் எனக்கும் விஷயம் முற்றியிருந்தது. ஆனால் நான் சைவக்காரன், அவர்கள் வேதக்காரர். அந்தோனி அண்ணை மனம்வைத்தால் ஒழிய நடக்காத காரியம். ரெஜினா ஒரு நாள் தெளிவாகச் சொன்னாள்.

"அப்பான்ரை கசற் வெளியீட்டிலை நீங்கள்தான் ஆய்வுரை. அது நல்லா அமைஞ்சா அடுத்த கிழமை வீட்டை வந்து கதையுங்கோ. அமையாட்டி வராதேங்கோ."

"புகழ்ந்து தள்ளிவிடுறன்."

"பொய்யாப் புகழக்கூடாது. அவர் கண்டுபிடிச்சிடுவார்."

அங்கேதான் சிக்கல். கசற்றின் பெயர் 'தொப்பி நனைய அழுதேன்'. எட்டுப் பாட்டு. எட்டிலும் எனக்குப் பிடித்தது ஒன்றுகூட இல்லை. 'பகேரியா ரயிலே' என்று ஒரு பாட்டு. அமெரிக்க ரயில் நாட்கணக்கில் ஓடும், ஏறியவன் ஆறுதலாக அழலாம். பகேரியா ரயிலில் கண் துடைக்கக் கைலேஞ்சியை எடுக்கமுன் இறங்க வேண்டும். 'குதிரை இல்லாத கௌபோய்' என்ற பாட்டின் நடுவே, ஜன்னலுக்குக் கீழே சந்தையில் மீன் விற்கிறவன் கூவுவது கேட்கும். உண்மையைச் சொன்னால் அவன்தான் சுருதியோடு கூவினான்.

அண்ணை என்னை நம்பி, வுச்சீரியாச் சந்தையில் வாங்கிய வெற்றுக் கசற்றில் முதன்முதல் பதிவுசெய்த மூலப் பிரதியையே தந்தார். "மற்றாக்களுக்கு எட்டுப் பாட்டையும் கொப்பி அடிச்சுக் குடுக்கிறன். உமக்கு ஒறிஜினல். விமர்சகர் எல்லே!"

அதைப் பகேரியாவுக்குக் கொண்டுபோய் மினுக்கல் மேசைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். எட்டாவது பாட்டு பாதியில் 'டங்' என்று நின்றது. ஏதோ கதவு சாத்திய சத்தம். பிறகு ஒரு பெண்குரல்! பின்னணியில் சட்டி, பானை, அகப்பை. இரைச்சலான கசற்றில் அந்தக் குரல் கொதித்துக்கொண்டு வந்தது. பாடவில்லை, பேசியது.

என் தலைக்குள் இருந்த விமர்சகன் துள்ளி எழுந்தான். பழைய கன்ட்ரி பாடகர்கள் பாட்டின் நடுவே பாடுவதை நிறுத்திவிட்டு உருக்கமாகப் பேசுவார்கள். அது பெரிய மரபு. சாதாரண ஆளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகா, அந்தோனி அண்ணை அட்டையில் போடாமல் ஒரு ஒன்பதாவது பாட்டை ஒளித்துவைத்திருக்கிறார்! சட்டி பானைதான் தாளவாத்தியம்! பொய் சொல்லாமல் புகழ ஒரு இடம் கிடைத்துவிட்டது என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பாதி கேட்டிருப்பேன், சிஞ்ஞோரா ஓடிவந்தார். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத மனுசி.

"சிவா, யார் இந்தப் பெண்? யாரை இப்படித் திட்டுகிறாள்?"

"பாட்டு, சிஞ்ஞோரா."

"எனக்கு நாற்பது வருடம் கல்யாண வாழ்க்கை. இது பாட்டில்லை, சண்டை. பஸ்தா, போதும்!" என்று கசற்றை நிறுத்திவிட்டுப் போனார். அவருடைய இசையறிவை நினைத்து நான் பரிதாபப்பட்டேன். மீதியைப் பிறகு கேட்கவும் இல்லை; ஆய்வுரைக்குப் பாதியே தாராளம்.

வெளியீட்டு விழா தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில். அமெரிக்க மாட்டுக்காரன் பாட்டு என்றாலும் விழா எங்கள் விழாதானே? மங்கல விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, ஆசியுரை, வெளியீட்டுரை, சிறப்புப் பிரதி வழங்கல் எல்லாம் ஒழுங்காக நடந்தன. பாட்டைத்தான் யாரும் போடவில்லை. முன்வரிசையில் எங்கள் ஃபாதர், தொப்பியோடு அந்தோனி அண்ணை, பட்டுச்சேலையில் அவருடைய மனைவி பிலோமினா அக்கா, பக்கத்தில் ரெஜினா.

ஒலிவாங்கியைப் பிடித்தேன். எட்டுப் பாட்டையும் நாலு வசனத்தில் தாண்டினேன். "ஆனால் இந்தக் கலைஞரின் இசை வாழ்க்கையின் உச்சம், அட்டையில் இடம்பெறாத ஒன்பதாவது பாட்டு!" என்றேன். அந்தோனி அண்ணை தொப்பியைப் பின்னால் தள்ளி என்னைப் பார்த்தார். நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"கேளுங்கள்: 'இந்த மனுசன் வாயைத் திறந்தா அடுப்பிலை கிடக்கிற பாலும் திரைஞ்சுபோகும்.' பால் என்பது தாய்மை. புலம்பெயர்ந்த மண்ணில் தாய்மை திரிந்துபோவதைக் கவிஞர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்."

மண்டபத்தின் பின்பக்கம் யாரோ இருமினார்கள்.

"அடுத்த வரி: 'ஃபாதரும் பாவம், இவர் பாடிப்போடுவார் எண்ட பயத்திலை எல்லே பூசையைக் கெதியா முடிக்கிறவர்.' ஃபாதர் இங்கே அதிகாரத்தின் குறியீடு. அதிகாரம் கலைக்கு அஞ்சுகிறது!"

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரெஜினா இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினாள். கை தட்டச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்து உற்சாகமானேன்.

"'தொப்பியும் ஆளும்! குதிரை எங்கையெண்டு சனம் கேக்குது.' குதிரை எங்கே? நாங்கள் விட்டுவந்த நிலம் எங்கே? இந்தக் கேள்விக்கு இந்த மண்டபத்தில் யாரிடம் பதில் இருக்கிறது?"

பிலோமினா அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். என் பேச்சு ஒரு தாயை அழவைத்துவிட்டதே என்று பெருமையாக இருந்தது. (அந்தக் குரலை எப்படி அடையாளம் காணவில்லை என்று கேட்பீர்கள். "தேத்தண்ணி குடியுங்கோ தம்பி" என்ற தேன் குரலைத் தவிர அவரிடம் வேறு குரல் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.)

ஃபாதர் எழும்பினார். "தம்பி, அந்தப் பாட்டை ஒருக்கால் போடுங்கோ கேப்பம். நானும் அதுக்குள்ளை வாறன் எல்லே."

என் பொக்கற்றிலிருந்து கசற்றை எடுத்துக் கொடுத்தேன். போட்டார்கள். முதல் சொல் விழுந்ததுமே மண்டபம் முழுக்க, "ஐயோ, உது எங்கடை பிலோமினாக்கா!"

அண்ணை கிற்றார்த் தந்தி அறுந்து புதுத் தந்தி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். றெக்கோடரை நிறுத்த மறந்திருக்கிறார். அக்கா குசினிக்கு வந்திருக்கிறார். அவ்வளவுதான் அந்த உச்சம். பாய்ந்துபோய் நிறுத்தப் பார்த்தேன். ஃபாதர் என் கையைப் பிடித்து, "விடும் தம்பி, அதிகாரம் கேக்கட்டும்" என்றார்.

சிஞ்ஞோரா நிறுத்திய இடத்தைக் கசற் தாண்டியது. இனி வருவது எனக்கும் தெரியாது.

"அந்த விமர்சனம் எழுதிற பெடியனும் ஞாயிறு தவறாமல் வந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். அவன் பாட்டுக் கேக்கவே வாறான்? ஒரு பாட்டும் அவனுக்குப் பிடிக்கேல்லை. மூஞ்சையைப் பாத்தா விளங்கேல்லையே?"

பிறகு ரெஜினாவின் குரல். "பிடிக்கேல்லைதான் அம்மா. எண்டாலும் இருந்து கேக்கிறார் எல்லே. நாங்களே எழும்பி ஓடுறம்."

கதவு திறந்தது. அந்தோனி அண்ணையின் குரல்: "அட கோதாரி, மெசின் ஓடுது!" டக்.

மண்டபத்தில் சிரித்துச் சிரித்து ஆட்களுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தோனி அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தான் இருந்த கதிரையில் வைத்துவிட்டு மேடைக்கு வந்தார். தொப்பி இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். சின்ன மனுசனாகத் தெரிந்தார். ரெஜினாவும் இனி எனக்கில்லை என்று நினைத்தேன்.

ஒலிவாங்கி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

"பிடிக்கேல்லையோ?"

பொய் சொன்னால் கண்டுபிடிப்பார். உண்மை சொன்னால் கதை முடிந்தது. 'பிரதி', 'குறியீடு' என்று கைவசம் இருந்த அத்தனை சொல்லும் என்னைக் கைவிட்டு ஓடின.

"இல்லை."

"ஒண்டுமோ?"

"ரயில் பாட்டிலை நீங்கள் பாடாமல் கிற்றார் மட்டும் வாசிக்கிற இடம் நல்லாப் பிடிக்கும்."

"அப்ப ஒரு வருசமா ஏன் வந்தனீர்?"

அதுவரை அவரை 'அண்ணை' என்றுதான் கூப்பிட்டு வந்தேன். பயத்தில் நாக்கு என்னைக் கேளாமலே வேலை செய்துவிட்டது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மாமா."

ஒலிவாங்கி அதை நாலு மூலைக்கும் கொண்டுபோனது. முறை வைத்துக் கூப்பிட்டாயிற்று, இனித் திரும்பப் பெற முடியாது. முகத்தை மூடியிருந்த தலைப்பைப் பிலோமினா அக்கா மெல்ல இறக்கினார்.

"நான் சொல்லேல்லையே?" என்றார்.

அந்தோனி அண்ணை ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு ஏற்புரை நிகழ்த்தினார். "கன்ட்ரி பாட்டெண்டா உண்மையைச் சொல்லிறது எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சனான். எட்டுப் பாட்டிலை எனக்கு வரேல்லை. மனுசிக்கு ஒண்டிலையே வந்திட்டுது." என்னைப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை வாரும். வழக்கம்போலை இருந்து கேக்கவேணும்." அவ்வளவுதான் சம்மதம்.

விழாவில் 'தொப்பி நனைய அழுதேன்' சொந்தக்காரர்களுக்கு மட்டுமே போனது. ஒன்பதாவது பாட்டோ கொப்பிக்கு மேல் கொப்பியாக ஜெர்மனி, கனடா வரை போனது. "பிலோமினாக்கா பேசின கசற் இருக்கோ?" என்று வீட்டுக்கு வந்து கேட்டவர்களைக் கண்டு அந்தோனி மாமா கதவைச் சாத்துவார். எங்கள் கல்யாணத்துக்குச் சிஞ்ஞோராவும் பகேரியாவிலிருந்து வந்தார். சோறு பிந்தியதற்கு மாமி சமையல்காரரைப் பிடித்து ஏசுவது கேட்டதும் என் கையை இறுக்கிப் பிடித்து, "சிவா, அந்தப் பாட்டு!" என்றார்.

அதன் பிறகு நான் விமர்சனம் எழுதவில்லை. டெனசிக்காரர்கள் பிழைத்தார்கள்.

இன்றைக்கும் ரெஜினா குசினியில் குரலை உயர்த்தினால் பிள்ளைகள் சிசிலிய இத்தாலியனும் தமிழும் கலந்து கத்துவார்கள்: "நொன்னோ, ஒன்பதாவது பாட்டு!" தாத்தா உடனே கிற்றாரை எடுத்துச் சுருதி சேர்ப்பார். மாமி எந்தக் குசினிக்குள் போனாலும் வாயைத் திறக்கமுன், "உதிலை ஏதும் ஓடுதோ?" என்று பார்ப்பார்; ஃபிரிட்ஜ் ஓடினாலும் குரலைத் தாழ்த்துவார். ஞாயிறுதோறும் மாமா தொப்பியை மாட்டிக்கொண்டு ரயில் பாட்டைப் பாடுகிறார். மற்றவர்கள் எழும்பிப் போய்விடுகிறார்கள். முடிந்ததும் என்னைப் பார்த்து, "எப்பிடி மருமோன்?" என்று கேட்பார்.

"கிற்றார் நல்லம், மாமா."

"அது தெரியும்" என்பார். பிறகு அந்த இடத்தை மட்டும், பாடாமல், எனக்காக இன்னொரு தடவை வாசிப்பார்.