டொக்குவின் சுத்தியல்

உலகத்தில் எதையும் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் நம்பாத ஒரே மனிதர் எங்கள் டொக்கு. தர்பூசணி, தண்ணீர்த் தொட்டி, எஸ்.டி.டி. பூத்தின் கதவு, ஒருமுறை சம்பந்தி வீட்டுத் தூண், எல்லாவற்றையும் தட்டியிருக்கிறார். ‘டொக்’ என்றால் நம்பலாம். ‘சொத்’ என்றால் தேறாது. ஆரணியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கே மறந்திருக்கும்.

ரைஸ் மில்லின் பின்புறம் உமி மூட்டைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு மூக்கைப் பார்த்த அன்று ஆரம்பித்தது எல்லாம். கூரையில்லாத, இரண்டே இருக்கை கொண்ட பழைய சீமை ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜினியரிங் லீவில் சும்மா திரிந்த எனக்கு, இதை ஓட்டியே தீருவது என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. இடம் காலியானால் போதும், எடுத்துப் போ என்றார் மில்காரர்.

பட்டறைக்குத் தள்ளி வந்ததும் டொக்கு அடியில் படுத்துத் தட்டினார். “மேல மாப்ள மாதிரி கீது இன்ஜினியரு. கீழ அப்பளம்.”

இடது பக்க ஃபிரேம் முழுக்கத் துரு. வலது பக்கம் ‘டொக்’, கவலையில்லை என்றார். ஆனால் பட்டறை வாசலில் காலையில் நெசவுக்காரர்கள் பாவு நீட்டியிருப்பார்கள், தறிக்குப் போகும் பட்டு நூல், தெரு நீளத்துக்கு. அதைச் சுருட்டும்வரை வெல்டிங் கூடாது. ஒரு பொறி பட்டால் ஒரு கல்யாணப் புடவை காலி. ஆக்சா பிளேடில் ஏது பொறி என்று டொக்கு அதற்குள்ளேயே துருவை அறுக்க உட்கார்ந்துவிட்டார்.

கடைசித் துண்டு விழுந்ததும் வலது பக்கம் முனகியது. ஜாக்கிகளுக்கு நடுவே கார் மெதுவாகத் தொய்ந்தது. மடிந்துவிட்டால் அது கார் இல்லை, எடைக்குப் போடும் இரும்பு.

டொக்கு வெல்டிங் கம்பியை எடுத்துவிட்டார். நாலடி தள்ளிப் பாவு. அதன் சொந்தக்காரி காந்தா அக்கா, நூலை விடாமல் திரும்பினார்.

“டொக்கண்ணா, பத்த வெச்சிடாதீங்க. முகூர்த்தப் பொடவ.”

“கார் மடிஞ்சிகினு கீது காந்தா.”

“தெரியுது. ஜல்தியா சுருட்டினா பட்டு அறுந்துடும்.”

டொக்கு கம்பியைக் கீழே வைத்தார். மல்லாந்து படுத்து இரண்டு கால்களாலும் ஃபிரேமுக்கு முட்டுக் கொடுத்தார். நான் தோளால் தாங்கினேன். அந்த நிலையிலும் தட்டிக்கொண்டே இருந்தார். சொத். சொத். தட்டாதீர்கள் என்று கெஞ்சினேன். நிலவரம் தெரிய வேண்டாமா என்றார். அங்கே பாவு முழம் முழமாக, அதன் இஷ்டத்துக்குச் சுருண்டது.

சுருண்டு உள்ளே போனதுதான் தாமதம், சுருட்டிய அத்தனை கைகளும் வந்து காரைத் தூக்கின. பொறி பறந்தது. ஆறியபின் கதவைச் சாத்தினேன், இடிக்காமல் மூடியது; ஃபிரேம் வளையவில்லை. வலது பக்கம் ஏமாற்றியது பற்றி மெல்லக் கேட்டேன்.

“நான் தட்டினது சரிதான். அது பொய் சொல்லிச்சி.”

வரும் ஞாயிறு இன்ஜினைக் கிளப்பி முள்ளிப்பட்டு வரை ஓட்டிப் பார்க்கப் போகிறோம். பிரேக்கைப் பற்றி இன்னும் யாரும் பேச்செடுக்கவில்லை. பக்கத்து இருக்கைக்குத் தெருவே போட்டி போடுகிறது. ஆனால் தூங்கும்போதுகூடச் சுத்தியலைப் பிரியாத மனிதர், பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி அதை அங்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் அதை எடுக்கவில்லை, யாரையும் எடுக்கவிடப் போவதுமில்லை.