மடை அடைப்பும் மாப்பிள்ளையின் லீவும்

வடசேரி, ஆஸ்பத்திரித் தாழ்வாரம்
1952 ஐப்பசி

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை வைகுண்டராஜன் அவர்களுக்கு மாமன் நாராயணபெருமாள் ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கே மழையும் நாங்களும் மிதமாக இருக்கிறோம். திருநெல்வேலியில் தாங்களும் அவ்விதமே என்று நம்புகிறேன். எதுவும் விட்டுப்போகாதிருக்க, விஷயங்களை முன்னமே வரிசைப்படுத்துகிறேன்:

1. மகள் அன்னக்கிளிக்குப் பனிக்குடம் கசிந்தது.
2. கசிவு ஏன் நின்றது.
3. கட்டிலுக்குச் செங்கல் வைத்தது.
4. ஆகையால் தாங்கள் இப்போது லீவு எடுக்க வேண்டாம்.

காலையில் மாவு கரைத்துக்கொண்டிருந்த அன்னக்கிளி சட்டென்று எழுந்து நின்றாள். சேலை நனைந்திருந்தது. உங்கள் அத்தை வண்டி கட்டச் சொன்னாள், தங்களுக்குத் தந்தி கொடுக்கவும் சொன்னாள். நானோ குளங்களுக்கும் கால்வாய்களுக்கும் ஓவர்சியராக இருந்தவன், நீர்க் காரியத்தில் பதறலாகாது என்று பொறுக்கச் சொன்னேன். மூடிய பாத்திரத்து நீர் எல்லாப் பக்கமும் ஒரேபோல அழுத்தும், பிள்ளைக்கு அதுவே மெத்தை. கசிவு கொஞ்சத்தில் நின்றதைப் பார்த்தால், பிள்ளையின் தலை மடைவாயில் அடைப்பைப் போலப் பொருந்தியிருக்க வேண்டும், முன்னால் நின்ற நீர்தான் போயிருக்கிறது, பின்னால் இருப்பது பத்திரம் என்று தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இருந்தாலும் மடைவாயில் நீரின் பாரத்தைக் குறைப்பது நல்லதென்று அவளைப் படுக்கவைத்து, கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினேன். அதில் ஒன்று சூளையில் வேகாத பச்சைக்கல். அது நொறுங்கி, கட்டில் சாய்ந்து, நல்லவேளை அன்னக்கிளி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் பக்கத்திலிருந்த கஞ்சிப்பானை கவிழ்ந்து அறையெங்கும் ஓடிவிட்டது, இனி எது கஞ்சி, எது பனிக்குடத்து நீர் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் அத்தை வாசலில் வந்து நின்றாள்.

“மடையப் பாத்த கண்ணால மவளப் பாக்காதீங்கோ. இது கொளம் இல்ல, பிள்ளையாக்கும். ஏட்டி, எழும்பு, வண்டி வந்தாச்சு.”

வண்டியில் ஏறும்போது அன்னக்கிளி என் கையைப் பிடித்தாள். “அப்பா, அவிய வருவாவளா? தந்தி குடுங்கப்பா.”

கொடுக்கிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் இவ்வளவு காரணங்களும் தந்தியில் அடங்காதே என்று இங்கே பெஞ்சில் உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன். அடைப்பு உறுதியாக இருக்கும்வரை அவசரமில்லை. அடுத்த வாரம் லீவு கேட்டால் தங்கள் மேலதிகாரிக்கும் சங்கடம் இராது.

ஐப்பசிக் குளம்போலத் தங்கள் குடும்பம் நிறைந்திருக்கப் பகவதி அருள்வாளாக. தங்கள் தாயாருக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
நாராயணபெருமாள்

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. இருவரும் சுகம். தலை அடைத்து நின்றது என்று நான் எழுதியது சரிதானாம், டாக்டரம்மாவும் ஒப்புக்கொண்டார்கள். அடைத்ததே இறங்கி வந்துவிடும் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. என் மடைகள் எதிலும் அப்படி நடந்ததில்லை. அன்னக்கிளி முதலில் கேட்டது தங்களைத்தான். தந்தி போய்விட்டது என்று சொல்லிவிட்டு, இப்போது தந்தி ஆபீசுக்கு ஓடுகிறேன். எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் இதையும் போகிற வழியில் தபாலில் சேர்க்கிறேன். தந்தி கண்டதும் புறப்பட்டு வரவும். நான்காவது விஷயம் பிழை.