நாற்றக் கன்னியும் சிவப்புக் கைப்பிடியும்

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் சாலையில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. பன்னிரண்டு வீடுகள். அதன் மாடிப்படியில் நாற்றக் கன்னி என்ற ஆவி குடிவந்த செய்தி பரவியதும், அவளைப் பார்க்க நன்னிலத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வேன் வைத்து வந்துவிட்டார்கள். அழுகிய முட்டை நாற்றம். கன்னிக்குக் குளிக்கும் வழக்கம் இல்லை போலும்.

கன்னியைக் கண்டுபிடித்தவர் சாமிதுரைச் சித்தர். வெள்ளிதோறும் வருவார். எல்லா வீட்டிலும் அடுப்பை அணைக்கச் சொல்வார். மொத்தக் கட்டடத்துக்கும் கேஸ் போகும் குழாயில், கீழே இருந்த சிவப்புக் கைப்பிடியைத் திருப்பி மூடுவார். "கன்னியைக் கட்டிட்டேன்" என்பார். மூன்று மணி நேரம் மந்திரம். நாற்றம் போய்விடும். பிறகு கைப்பிடியைத் திறந்து, அதன்மேல் இரும்புக் கூண்டைப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மூட்டை பொன்னி அரிசி வாங்கிக்கொண்டு கிளம்புவார். சனிக்கிழமை கன்னி திரும்பிவிடுவாள். அடுத்த வெள்ளி சித்தரும்.

கூண்டுக்குச் சம்மதித்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் இளையபெருமாள். 'ஆபத்தில் உடனே மூடவும்' என்ற பலகையின்மேல் சித்தர் படத்தை மாட்டியவரும் அவரே. ஊருக்கு நல்லது செய்த நிறைவில் இருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, இரண்டாம் மாடிக்குப் புதிதாக வந்த பாலிடெக்னிக் ஆசிரியை சுடர்விழி அவர் கதவைத் தட்டினாள்.

"சார், அது கேஸ் நாத்தம். கசிஞ்சா தெரியணும்னுதான் அந்த வாடையைச் சேர்க்கறாங்க. தீப்பிடிச்சா அந்தச் சிவப்பு வால்வை யாரு மூடுவா?"

"சாவி சித்தர்கிட்ட இருக்கும்மா."

"அவரு எங்க இருக்காரு?"

"திருவிடைமருதூர்ல."

"அவரு வர்ற வரைக்கும் தீ காத்திருக்குமா சார்?"

உள்ளே மனைவி அம்சம் அடுப்பைப் பற்றவைக்கப் போகும் சத்தம் கேட்டது. இளையபெருமாள் உள்ளே ஓடினார். "அம்சம், பத்தவைக்காத! ஜன்னலத் திற!" என்று கத்தினார்.

சித்தர் வந்தபோது சுடர்விழி கூட்டத்தைத் தெருவுக்கு அனுப்பியிருந்தாள். சித்தர் கூண்டைத் திறந்தார். இளையபெருமாள் குறுக்கே நின்றார்.

"சாமி, இன்னிக்குக் கைப்பிடியைத் தொடாம பூசை பண்ணுங்க."

"கன்னி கோவிச்சுக்குவா!"

சுடர்விழி ஒரு தீப்பெட்டியை நீட்டினாள். "கன்னிதானேங்க? குழாய்கிட்ட கற்பூரம் ஏத்துங்க."

சித்தர் அதைத் தட்டிவிட்டார். "பைத்தியமா உனக்கு? கேஸ் கசியுது, வெடிச்சிரும்!"

தெரு முழுக்கக் கேட்டது. கீழே விழுந்த தீப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு குச்சிகூட இல்லை.

சுடர்விழி குழாய் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவினாள். நுரை குமிழ் குமிழாக ஊதியது. கைப்பிடியை மூடினாள். கேஸ் மெக்கானிக் வந்து தேய்ந்த இணைப்பை மாற்ற அரை மணி நேரம் ஆனது. கூண்டை இனி யாரும் பூட்டாதபடி அறுத்தெடுக்க அதைவிட நேரம் பிடித்தது. சித்தரைப் போலீஸ் கூட்டிப்போனது.

கூட்டத்தில் ஒருவர் கவலையோடு கேட்டார்: "அப்போ கன்னி எங்க போயிருப்பா?"

இளையபெருமாள் நிமிர்ந்து பார்த்தார். "இத்தன நாளா நம்ம மூளை எங்க போயிருந்துச்சுன்னு முதல்ல தேடுங்கய்யா. அது கிடைச்சிட்டா, கன்னியைத் தேடற வேலை இருக்காது."