தட்டாத கை

முதலில் வம்புக்கு வந்தவன் தெஷெங்தான். கெங்கைக் கேட்டால் இன்றைக்கும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பெண் வீட்டு வாசலில் மைத்துனன் மறிப்பது சீனாவின் சாங்ஜோவ் ஊர் வழக்கம். மிட்டாய் கேட்பார்கள், பாடச் சொல்வார்கள். மணப்பெண்ணின் தம்பி தெஷெங் கையைக் கேட்டான். மாப்பிள்ளை கெங் நீட்டினார். மணிக்கட்டில் ஒரே திருகு. மூட்டை மடக்கும் சின்னா வித்தையின் பிடி. பிடிபட்டவன் தன் தொடையைத் தட்டினால்தான் விடுவார்கள். தட்டியவன் தோற்றவன். தெருவே பார்க்க, பட்டுச் சட்டையோடு கெங் தட்டினார். உள்ளே மணப்பெண் மெய்ஃபெங்கும் சிரித்தாள்.

அந்தத் தட்டலைத் திருப்பி வாங்கத்தான் அவர் பூங்காவில் சின்னா கற்றார். முடி நரைத்தது, முட்டி தேய்ந்தது, பிடி மட்டும் இறுகியது. ஆனால் புத்தாண்டுக்குப் புத்தாண்டு மெய்ஃபெங் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, கணவன் கை காலியாகாதபடி கொழுக்கட்டையாக வைத்துக்கொண்டே இருந்தாள்.

இந்தக் குளிரில் தெஷெங்குக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மனைவி இல்லாதவன். மெய்ஃபெங் அவனைத் தங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

"ஏங்க, இவன் கையத்தானே கேட்டுட்டிருந்தீங்க? இந்தாங்க."

"நோயாளிய மடக்கச் சொல்றியா?"

"மடக்கி நீட்டாட்டி மூட்டு இறுகிடும்னு டாக்டர் சொன்னாரு. காலையில, சாயங்காலம். பயிற்சி குடுக்க வர்றேன்னு சொன்ன ஆளையும் வேணாம்னுட்டேன். வீட்லயே வித்தைக்காரர் இருக்காரே."

கெங் அந்தக் கையை எடுத்தார். ஈரத்துணி போலக் கனத்தது. மெதுவாகத் திருகினார். பிறகு கொஞ்சம் கூடுதலாகவே திருகினார்.

"வலிக்குதாடா?"

"எங்க அத்தான்?" தெஷெங் இடக்கையால் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"மணிக்கட்டுல."

"புடிச்சிருக்கீங்களா என்ன?"

கெங் பிடியைத் தளர்த்தினார். வலியே இல்லாதவனை எந்தப் பிடி மடக்கும்?

"சும்மாவாவது தட்டேண்டா."

"வலிக்கட்டும், தட்டுறேன். பொய்யா தட்டினா உங்களுக்குத்தான் அசிங்கம்."

அப்புறம் அந்த வலிக்காகவே கெங் பாடுபட்டார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். விரல் விரலாக நீவினார். பூங்காவுக்குப் போவதையும் விட்டார்.

ஒரு மாலை மணிக்கட்டைத் திருகும்போது தெஷெங்கின் முகம் சுளித்தது. கண்ணில் நீர் கோத்தது. இடக்கை தொடையை நோக்கி எழுந்தது. கெங் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மெய்ஃபெங் ஓடிவந்து அந்தக் கையில் கொழுக்கட்டைக் கிண்ணத்தை வைத்தாள்.

"ஆறிடும், சாப்பிடு தம்பி."

"அடியே, தட்டப் போனான்டி."

"பாத்தேன்," என்றாள் அவள், தாழ்ந்த குரலில். "தட்டிட்டா நாளைக்கு நீங்க இவன் கையத் தொடுவீங்களா?"

கெங் அந்த வலக்கையை மறுபடி நீவத் தொடங்கினார். கிண்ணம் காலியாவதற்குள் தெஷெங் தூங்கிப்போனான். தட்டல் இன்னும் பாக்கி.