ஆர்ச் தாண்டாத கார்

மனைவி சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு ஏழு வருடம் பிடித்திருக்கிறது. (வாயால் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.)

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு முதல் கார் வரவிருந்த சமயம். கையிலிருந்த காசுக்கு இரண்டு வழி. ஒன்று, கண்ணாடியைக் கூடக் கையால் சுற்றி இறக்கவேண்டிய புது பேஸ் மாடல். இன்னொன்று, ரிட்டயராகி ஊருக்குக் கிளம்பிய எங்கள் ஆபீசரின் ஒன்பது வயது சொகுசு கார். தோல் சீட், தானே மடங்கும் மிர்ரர், பட்டனைத் தட்டினால் திறக்கும் கூரை. அந்தக் கூரையில்தான் விழுந்தேன்.

“புதுசுல ஒண்ணும் இருக்காதுதான். ஆனா வாரண்டி இருக்கும்ல?” என்றாள் கவிதா.

“ஆபீசர் வண்டி. வீட்டுக்கும் ஆபீசுக்கும் மூணு கிலோமீட்டர். அவ்வளவுதான் ஓடியிருக்கு. புதுசு மாதிரி.”

“வடலூர் வரைக்காவது ஓட்டிப் பாத்துட்டு வாங்குங்க.”

எப்படிக் கேட்பது? நிலக்கரி மைன்ஸில் பதினோரு வருடம் அவரிடம் ‘யெஸ் சார்’ தவிர வேறெதுவும் பேசாதவன் நான். அவர் காரைச் சந்தேகப்படுவது அவரையே சந்தேகப்படுவது போல. டவுன்ஷிப் ரவுண்டானாவை இரண்டு முறை சுற்றிவிட்டு, “பிரமாதம் சார்” என்றேன்.

அதே வாரம் பக்கத்து குவார்ட்டர்ஸ் ஏழுமலை அந்தப் பேஸ் மாடலை வாங்கினார். முத்தாண்டிக்குப்பத்துக்காரர், காண்ட்ராக்டில் சேர்ந்து பர்மனென்ட் ஆனவர். அவர் கண்ணாடியைச் சுற்றும்போதெல்லாம், “என்ன ஏழுமலை, கிணத்துல தண்ணி எறைக்கிறீங்களா?” என்பேன். மனிதர் சிரித்துக்கொள்வார்.

கவிதாவின் தம்பி பிரபுவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. பெண் வீடு குள்ளஞ்சாவடி. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்றாவிட்டால் பேச்சே இல்லை என்று பெண்ணின் அப்பா முன்பே சொல்லியிருந்தார். உறவினர்கள் வேனில் போய்விட, மாப்பிள்ளை என் காரில்தான் வரவேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

டவுன்ஷிப் ஆர்ச் வரை கார் மிதந்தது. தாண்டிச் சில கிலோமீட்டரில் பானெட்டிலிருந்து புகை. கார் நின்றது, ஏசி நின்றது, கண்ணாடிகள் இறங்க மறுத்தன. பெருமைக்குத் திறந்து வைத்திருந்த கூரை மட்டும் மூட மறுத்தது. வெயில் நேராக மாப்பிள்ளை தலையில் இறங்க, பவுடர் கோடு கோடாக வழிந்தது. மணி ஒன்பது ஐம்பது.

“அத்தான், எல்லாத்துக்கும் பட்டன் இருக்குன்னீங்களே. போறதுக்கு எது?” என்றான் பிரபு.

கவிதா தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. திட்டியிருந்தால் தேவலை.

அப்போது பின்னால் வந்து நின்றது, விசேஷத்துக்கு மனைவியோடு கிளம்பிய ஏழுமலையின் பேஸ் மாடல். நிதானமாகக் கண்ணாடியைச் சுற்றி இறக்கினார்.

“இன்னா சார், ரோட்டுல நின்னுகினு இருக்கீங்க? ஏறுங்க தம்பி, நேரமாவுது.”

என் காருக்குப் போட்டிருந்த மாலையை நானே கழற்றி அவர் காரில் கட்டினேன். எனக்கும் இடம் இருந்தது. ஆனால் கூரை திறந்த காரை எப்படி விட்டுவிட்டுப் போவது? பத்து இருபத்தைந்துக்குத் தட்டு மாற்றியதைப் போனில்தான் கேட்டேன். பெருமூச்சு விட்டதில் சட்டைப் பொத்தான் தெறித்தது.

வடலூரிலிருந்து வந்த மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்தார். “ரேடியேட்டர் ஃபுல்லா துரு சார். இத்தினி நாளா இன்ஜின் சூடாவறதுக்குள்ள வூடு வந்துடும் போல. இது டவுன்ஷிப்ப வுட்டு வெளிய போனதே இல்ல.”

மத்தியானம் ஏழுமலை விருந்துச் சாப்பாட்டோடு ஒரு கயிறும் கொண்டுவந்தார். பேஸ் மாடல் முன்னால் இழுக்க, சொகுசு கார் ஆர்ச்சுக்குள் நுழைந்தது. சரியாக செகண்ட் ஷிஃப்ட் மாறும் நேரம். சைக்கிள், பைக், பஸ் என்று ஊரே நின்று பார்த்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, திறந்த கூரைக்கடியில் நான். அன்றைக்கு ஏழுமலை கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கார் போய்விட்டது. ‘ஆர்ச் தாண்டாத கார்’ என்ற பேர் மட்டும் குடும்பத்தில் தங்கிவிட்டது. போன மாதம் புதுச் செருப்பு வாங்கினேன். பிரபுவின் ஐந்து வயது மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மாமா, இது ஆர்ச் தாண்டுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து கவிதாவின் குரல் வந்தது.

“வடலூர் வரைக்கும் நடந்து பாத்துட்டு வரச்சொல்லு.”