ஆடிக் கஞ்சியும் அரை வள்ளமும்

இந்த ஆடிக்கு மாமியார் வீட்டுப் படி ஏறுவதில்லை என்று தீர்மானம் செய்தேன். மனசுக்குள்ளேதான். வாய்விட்டுச் சொல்ல நான் என்ன பட்டாளத்துக்காரனா? சாலைக் கடைத்தெருவில் ஆணியும் கயிறும் விற்கிறவன்.

கோட்டாற்றில் என் மாமியார் ஆடி முழுக்க மருந்துக் கஞ்சி காய்ச்சுவாள். மருமகன் உடம்பு தேறணுமாம். அது கசக்கிற கசப்பில் சட்டியே முகம் சுளிக்கும். சர்க்கரை கேட்டால் இன்னொரு அகப்பை விழும்.

அதனால் வள்ளம் கட்ட ஆரம்பித்தேன். ஆற்றில் விடுகிற படகில்லை, பொம்மை வள்ளம்தான். கடை வாசலில் தொங்கவிட என்று சொல்லிவைத்தேன். விலா எலும்பு மாதிரி சட்டம் நிறுத்தியாயிற்று. அதன்மேல் மெல்லிய பலகைச் சீவல்களை வளைத்து ஒவ்வொன்றாக ஆணி அடிக்க வேண்டும். காய்ந்த சீவல் ஒடியும். புட்டுக்குழலில் சொருகி ஆவி காட்டினால் வெற்றிலை மாதிரி வளையும்.

என் பெண்டாட்டி சரோஜம் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"புட்டு வெந்தாச்சா?"

"பலகை வேகுது."

"தொட்டுக்கிட என்ன வைக்க? பழமா, பயறா?"

நான் குழலிலிருந்து ஒரு சீவலை உருவி வளைத்துப் பார்த்தேன்.

"சரி, வெள்ளிக்கிழமை கோட்டாத்துக்குப் பொறப்படணும். ஓர்மை இருக்கா?"

இதற்குத்தானே காத்திருந்தேன். பாதியில் விட்டுப் போனால் சீவல் காய்ந்து, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்துவிடும். பலகை போடுகிற நாளில் வள்ளக்காரன் சொந்தக் கல்யாணத்துக்கே போகமாட்டான் என்று அளந்துவிட்டேன்.

"அப்படியா? அப்ப பலகை அடைச்சு முடியட்டும். பொறவு பாத்துக்கிடலாம்."

இவ்வளவு லேசா என்று எனக்கே ஏமாற்றம். நாளுக்கு ஒரு சீவல் அடித்தேன். அடித்ததையே சில நாள் பிடுங்கினேன்.

ஒரு சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வருகிறேன், வாசலிலேயே அந்தக் கசப்பு வாசனை. அடுக்களையில் மாமியார் சட்டி முன் உட்கார்ந்திருக்கிறாள். கோட்டாற்றுக்குச் சரக்கெடுக்கப் போன பக்கத்துக் கடை வேலாயுதனிடம் சரோஜம் சொல்லியனுப்பியிருக்கிறாள்.

"மருமகப்பிள்ளைக்கு வள்ளத்தை விட்டு எழும்ப முடியலையாமே. அதான் நான் வந்துட்டேன். அது முடியுத வரை இங்கதான்," என்று மாமியார் கிண்ணம் நிறைய ஊற்றினாள்.

மறுநாள் கடை திறக்கவில்லை. பலகை அடைத்தேன். ஆணியில் பாதி, விரலில் பாதி. காலையில் கஞ்சி, மாலையில் கஞ்சி, நடுவில் சுத்தியல். நான் அடித்த வேகத்தில் ஒரு கப்பலே கட்டியிருக்கலாம். ஆடி பாதி ஆவதற்குள் கடைசிச் சீவலும் உட்கார்ந்தது. வள்ளத்தை ஏந்திப் போய் மாமியார் முன் வைத்தேன்.

"முடிஞ்சுது, அத்தை. இனி நீங்க நிம்மதியா ஊருக்குப் போகலாம்."

மாமியார் சரோஜத்தைப் பார்த்தாள். சரோஜம் வள்ளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இடுக்கு இல்லாமல் அடைத்திருக்கிறேன் என்று மெச்சினாள்.

"நல்லதாப் போச்சு. இனி உங்களுக்கு எழும்பத் தடையில்லையே? நாளைக்கு அம்மைகூட நாமளும் போறோம். ஆடி இன்னும் பாதி கிடக்கு."

மறுநாள் கோட்டாற்று பஸ்ஸில் கஞ்சிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான்தான்.